விந்தைக் கதை விரும்புவார்க்கு

பேய்க்கதை படிப்போரைப் பேதையர் என்று எள்ளுவார் ஒரு சாரார். வழிதப்பினவர் என்று இரங்குவார் மற்றொரு சாரார். இவ்விரு சாரார்க்கும் இடையே அகப்பட்டு, தலையணையின் கீழ்ப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிப்போர் நம் கல்லூரியிலும் விடுதியிலும் பலர் உளர் என்பதை யான் நன்கறிவேன். சென்ற விடுமுறையில் கே.கே. நகரில் எம் இல்லத்து மொட்டைமாடியில் அமர்ந்து ஹாரி பாட்டர் கதையின் முதற் புத்தகத்தை இரண்டாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன். எந்தையாரைக் காண வந்த சபைப் பெரியவர் ஒருவர் புத்தகத்தின் அட்டையை நோக்கினார். பின் என்னை நோக்கினார். “தம்பி, ஞானஸ்நானம் பெற்ற பிள்ளை கையில் இருக்கவேண்டிய புத்தகமா இது?” என்றார். பெரியவர் முன் எதிர்மொழி கூறுதல் முறையன்று ஆதலின் புத்தகத்தை மூடிவிட்டேன். அன்று கூறாது விட்ட மறுமொழியை ஈண்டுக் கூறுகின்றேன். கூறுமிடத்து, என்னைப் போன்றே இவ்வகைக் கதைகளில் பித்துக்கொண்ட நண்பர்கட்கு, படிக்கத் தக்கன இவை, பார்க்கத் தக்கன இவை என்று சிலவற்றைக் காட்டுதலும் என் கருத்தாகும்.

முதற்கண் அப்பெரியவர்க்கு ஒரு சொல். அவர் இல்லத்து அலமாரியில் வேதாகமத்திற்கு அடுத்தபடியாக வீற்றிருப்பது ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம். 1678-ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலில் யாது இல்லை? செதிளுடம்பும் சிறகுமுடைய அப்பொல்லியோன் என்னும் பேயரசன் உளன். சந்தேகக் கோட்டையில் யாத்திரிகரைச் சிறையிட்டு வருத்தும் அரக்கன் உளன். அக்கதையையே தழுவி நம் கிருஷ்ண பிள்ளையவர்கள் 1894-இல் இரட்சணிய யாத்திரிகத்தைத் தமிழர்க்கு அளித்தார்கள். இவற்றை உவந்து படிப்போர் விந்தைக் கதையை வெறுக்கின்றோம் என்பது எவ்வாறு பொருந்தும்? வேதாகமத்தினுள்ளும் எந்தோர் ஊரில் அஞ்சனக்காரி ஒருத்தியிடம் சவுல் அரசன் இரவில் மாறுவேடம் பூண்டு செல்லும் பகுதியைப் படித்து மயிர்க்கூச்செறியாதார் யார்? கடல்மேல் நடந்து வந்த ஆண்டவரைக் கண்ட சீடரும் முதலில் ஆவேசம் என்றே அலறினர். அச்சமும் வியப்பும் நமக்குப் புதியன அல்ல.

இனி, நம் தமிழ் வகுப்பு நண்பர்க்கு வருவோம். இவர்கள் பாவம் என்று கூறார், ‘சிறுபிள்ளைத்தனம்’ என்பர். தேர்வுக்கென்று சிலப்பதிகாரத்தை உருப்போட்டவர்களும் இவ்வாறு கூறுவதுதான் எனக்கு வியப்பு. புகார்க்காண்டத்தின் இறுதியை நினைமின். கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் திருவரங்கத் தீவினின்று ஓடமேறித் தென்கரை அடைந்து ஒரு பூஞ்சோலையில் தங்குகின்றனர். அவ்வழியே வந்த பரத்தை ஒருத்தியும் வீணன் ஒருவனும் கண்ணகியையும் கோவலனையும் இழிவாகப் பேசுகின்றனர். கண்ணகி செவியைப் பொத்தி நடுங்குகின்றாள். அடிகள் சினந்து ஒரு சொல் மொழிந்த அளவில் அவ்விருவரும் நரிகளாகி ஊளையிடுகின்றனர்! பழித்தவர்க்காகக் கண்ணகியும் கோவலனுமே இரங்கி வேண்ட, பன்னிரண்டு திங்கள் உறையூர் மதிற்புறத்துக் காட்டில் திரிந்து பின் பழைய உருப் பெறுக என்று சாபம் குறுகுகின்றது. நாம் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் காவிரிக் கரையில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் செய்தி இது. (எங்கள் தெருவில் இரவு முழுதும் ஊளையிடுவன நாய்களே என்று தெரிந்திருந்தும், இதனைப் படித்த நாள் தொட்டு எனக்கு ஓர் ஐயம் உண்டு.)

இதனினும் சிறந்தது மதுரைக்காண்டத்துக் காடுகாண் காதை. உறையூரை நீங்கித் தெற்கே செல்வோர்க்கு மாங்காட்டு மறையவன் ஒருவன் மூன்று வழிகளைக் கூறுகின்றான். வழி பிரியும் இடமாகிய கொடும்பை என்பது இன்றைய கொடும்பாளூரே என்று அறிஞர் பலர் கொள்வர். மதுரைச் சாலையில் விராலிமலையைக் கடந்தால் அவ்வூர். இடப்பக்கத்து வழியில் ஒரு குன்றமும், அதன்கண் ஒரு பிலமும், பிலத்தினுள் மூன்று பொய்கைகளும் உள என்கின்றான். ஒன்றில் மூழ்கினால் இந்திரன் இயற்றிய இலக்கணம் கைவரும். ஒன்றில் மூழ்கினால் சென்ற பிறப்பின் செய்தியெல்லாம் புலப்படும். மூன்றாவதில் மூழ்கினால் நினைத்ததெல்லாம் கிட்டும். பிலத்தினுள்ளே ஒரு பெண் தோன்றி வினா விடுப்பாள். விடை கூறுவார்க்குக் கதவு திறக்கும். முதற் பொய்கையைப் பற்றிப் படித்தபொழுது, தேர்வுக்கு முதல் நாளில் அதில் ஒரு முழுக்குப் போட்டால் நன்னூலைத் தொடவேண்டியதில்லையே என்று எண்ணாத மாணவன் எங்கும் இரான்.

கவுந்தியடிகள் இதற்குக் கூறிய விடையே யான் இக்கட்டுரை எழுதக் காரணம். எங்கட்கு இவை வேண்டா என்கின்றார். அவ்விலக்கணத்தின் பொருள் எங்கள் அருகன் ஆகமத்திலேயே உளது. முற்பிறப்பிற் செய்ததை இப்பிறப்பின் வாழ்விலேயே காணலாம். வாய்மை தவறாது பிறவுயிரை ஓம்புவார்க்குக் கிட்டாத பொருள்தான் யாது என்பது அவர் கூற்றின் கருத்து. இப்படி மறுத்தவர் ஆற்றலற்றவர் அல்லர். சொல்லால் மனிதரை நரியாக்கியவர். மாயம் கைக்கு எட்டும் தொலைவில் இருக்க, அதனை எடுக்க வல்லவர் ஒருவர் வேண்டா என்று அப்பால் நடக்கும் அந்த ஒரு கணமே விந்தைக் கதையின் உச்சி என்பது என் துணிபு. அக்கணம் உள்ள கதையை அல்லது அக்கணத்தைத் தவறவிட்டு அழிந்தவனின் கதையைப் பரிந்துரைப்பேன். ஏனையவை, திடீரென்று கதவை அடித்துச் சாத்தும் ஒலிக்காக நாம் அஞ்சுவதுபோல, ஒரு நொடி அச்சத்தோடு ஒழியும்.

இவ்வுரைகல்லைக் கொண்டு உரைத்துப் பாருங்கள். டோல்கீன் என்னும் ஆங்கிலப் பேராசிரியர் 1954, 1955-ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்ட ‘மோதிரங்களின் தலைவன்’ என்னும் பெருங்கதையில், உலகையே அடக்கியாளவல்ல மோதிரத்தைச் சிறியன் ஒருவன் தானே முன்வந்து நீட்டுகின்றான். முதுபெரு மந்திரவாதி காண்டால்ஃபும் மறுக்கின்றார். வனத்தரசி கலாத்ரியேலும் மறுக்கின்றாள். அவள் மறுக்குமுன் அவள் உள்ளம் ஊசலாடுவதைப் படிக்கும்பொழுது எனக்குக் கவுந்தியடிகளே நினைவுக்கு வந்தார். பீட்டர் ஜாக்சன் 2001 முதல் 2003 வரை எடுத்த மூன்று படங்களும் நன்றே. ஆயினும் நூலை முதலிற் படித்தவர்க்கே படம் முழுப்பயன் தரும். டோல்கீன் உறுதியான கத்தோலிக்கர். அவர் நண்பர் லூயிஸ் நாத்திகராய் இருந்து 1931-இல் கிறிஸ்துவை ஏற்றதற்கு அவரோடு ஆடிய உரையாடலும் ஒரு காரணம். லூயிஸ் 1950-இல் எழுதிய நார்னியாக் கதையில் எட்மண்டு என்னும் சிறுவன் வெண்சூனியக்காரி தந்த மிட்டாய்க்காக உடன்பிறந்தாரையே காட்டிக்கொடுக்கத் துணிகின்றான். மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்காதவன் கதை அது. சிறார்க்குரிய நூல் என்று அதனை ஒதுக்கற்க.

அப்பெரியவர் கண்டித்த புத்தகமோ? 1997-இல் வெளிவந்த அதன் முடிவில் ஒரு கண்ணாடி வருகின்றது. பார்ப்பவன் நெஞ்சின் ஆசையை அது காட்டும். சாவை விலக்கும் ரசவாதக் கல்லை அதனுள் ஒளித்து வைத்திருக்கின்றார்கள். அக்கல்லைக் கண்டெடுக்க விரும்பி, ஆனால் தனக்கெனப் பயன்படுத்த விரும்பாதவன் கையில் மட்டுமே அது வந்து விழும். பகைவன் கண்ணாடி முன் நின்று தவிக்க, பதினொரு வயதுச் சிறுவன் சட்டைப்பையிற் கல் விழுகின்றது. வனாந்தரத்தில் நாற்பது நாள் பசித்திருந்தும் கற்களை அப்பமாக்க மறுத்தவரை வணங்குகின்ற நாம், இதனை அஞ்சவேண்டியது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

தமிழில் இவ்வினத்து நூல்கள் யாவை? பழையவற்றுள் மணிமேகலையின் ஆறாம் காதையைத் தனியே எடுத்துப் படியுங்கள். சார்ங்கலன் என்னும் பார்ப்பனச் சிறுவன் அறியாது சுடுகாட்டினுட் சென்று, பிணத்தின் தலையைக் கையிலேந்தி ஆடும் பேயைக் கண்டு, ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிர் விடுகின்றான். பேயின் கதை இவ்வளவே. அதன்பின் வருவது தாய் கோதமையின் கதை. என் உயிரை எடுத்துக்கொண்டு என் மகன் உயிரைத் தா என்று அவள் நகர்த்தெய்வத்தோடு வழக்காடுகின்றாள். உயிர்க்கு உயிர் மாற்றுதல் தன்னால் ஆகாது என்கின்றது தெய்வம். தேவர் அனைவரும் வந்தும் அதையே கூறுகின்றனர். எவ்வளவு பெரிய மாயமும் செய்ய முடியாத ஒன்று உளது என்று காட்டிய புலவர் சாத்தனார். பேயைக் கண்டு சிரிக்கவேண்டும் என்பார்க்குக் கலிங்கத்துப்பரணி இருக்கவே இருக்கின்றது. பசித்த பேய்கள் போர்க்களத்திற் கூழ் சமைக்கும் பகுதியை உணவு வேளைக்கு முன் படித்தல் நன்று, பின்னர்ப் படித்தல் நன்றன்று.

இக்காலத்தாருள் புதுமைப்பித்தனே முதல்வர். 1943-இல் வெளிவந்த அவரது ‘காஞ்சனை’யை எந்த நண்பரிடம் கூறினும், “2011-இல் வந்த படந்தானே?” என்கின்றார். அன்று, அன்று! எழுத்தாளர் ஒருவர் இல்லத்தில் தெருவோடு வந்த பெண்ணொருத்தி வேலைக்கு அமர்கின்றாள். இரவில் இன்னதென்று அறியாத நாற்றம் வீசுகின்றது. வேறு யாதும் கூறேன். அவள் யார் என்பதை ஆசிரியர் இறுதிவரை நமக்கு உறுதியாகச் சொல்லுவதில்லை, அச்சொல்லாமையே அச்சம். நம் அரங்கத்துத் தெருக்களில் வளர்ந்து, திருச்சி வளனார் கல்லூரியிற் பயின்ற சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ இதற்கு நேர்மாறானது. பேயா, விஞ்ஞானமா என்று கணேஷும் வசந்தும் வழக்காட, நாமும் ஒரு பக்கம் சாய்வோம்; மறு அதிகாரத்தில் மறுபக்கம் சாய்வோம். விரைவிற் படித்து முடிக்கலாம். ஆயின் புத்தகத்தை மூடியபின் நெஞ்சில் தங்குவது ‘காஞ்சனை’யே என்பது என் கருத்து.

திரைப்படங்களைப் பற்றிச் சுருங்கக் கூறுவல். பேயையும் கேலிக்கூத்தையும் ஒரே குழம்பாக்கி ஆண்டுதோறும் வருவனவற்றைப் பற்றி நான் சொல்லவேண்டியது ஒன்றும் இல்லை. 1951-இல் வந்த பாதாள பைரவியைக் காணாதார் காண்க. வேண்டியதெல்லாம் தரும் பதுமை ஒன்றின்பொருட்டு நேபாள மாந்திரிகனாக வரும் எஸ்.வி. ரங்காராவ் விழியை உருட்டும்பொழுது, கணிப்பொறி கொண்டு செய்யும் இக்காலத்துப் பூதங்கள் யாவும் வெளிறிப்போம். மிஷ்கின் 2014-இல் எடுத்த ‘பிசாசு’ பழிவாங்கும் பேய்களையே கண்டு சலித்த நமக்குப் பழிவாங்காத ஒன்றைக் காட்டுகின்றது. இறந்த பெண்ணின் தந்தையாக வரும் இராதாரவி பேயின் முன் மண்டியிட்டு அழும் இடத்தில் எனக்கு அச்சம் போய்க் கண்ணீர் வந்தது. மலையாளத்தில் 2024-இல் வந்த ‘பிரமயுகம்’ கருப்பு வெள்ளைப் படம். பசித்து வந்த பாணன் ஒருவன் பாழ்மனை ஒன்றினுள் நுழைகின்றான். மனைக்குரியவன் சோறிட்டுச் சூதுக்கு அழைக்கின்றான். பணயம் பாணனின் காலம். அழைப்பை அவன் மறுத்திருந்தால் கதையே இல்லை. மம்முட்டியின் சிரிப்பைப் பல நாள் மறக்கமாட்டீர்கள்.

இவ்வளவும் கூறியபின் அப்பெரியவர் பக்கத்து நியாயத்தையும் மறைத்தல் தகாது. கதையைக் கதையென்று அறியாதார் கையில் பேய் கொடியது. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில், மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. பேய் பிடித்தவர், பிணிப்பட்டவர் என்று கொண்டுவந்து விடப்பட்டு, சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் 28 பேர் ஓட முடியாது மாண்டனர். அவர்களைப் பிணித்தவர் டோல்கீனையோ புதுமைப்பித்தனையோ படித்தவர் அல்லர். பேயோட்டும் கூட்டங்கள் நம் சபைகளுக்கும் புதியன அல்ல. அங்கே தலைவிரித்து விழும் பெண்ணுக்கு வேண்டுவது மருத்துவரா, ஆறுதலா என்று ஒருவரும் வினவுவதில்லை. மனம் நொந்தவளைப் பேயென்று காட்டி, அவளை அடித்து ஓட்டுவதை வெற்றியென்று கொண்டாடும் படங்கள் இவ்வழக்கத்திற்கே எண்ணெய் வார்க்கின்றன. அவற்றைத் தடுக்க அப்பெரியவர் முன்வரின், அவர்க்குப் பின்னே யானும் நிற்பேன். ‘பிசாசு’ போன்றவற்றை அவற்றோடு ஒரே கட்டாகக் கட்டி எறிவதைத்தான் ஒவ்வேன்.

புதிதாகத் தொடங்குவோர் எதனை முதலிற் படிப்பது என்று கேட்பின், காடுகாண் காதையை ஒரு மாலையிலும் ‘காஞ்சனை’யை மறுநாட் பகலிலும் படிக்குமாறு கூறுவேன். பகல் என்று வேண்டுமென்றே கூறினேன். என்னிடம் இருந்த ‘காஞ்சனை’ப் படியைச் சென்ற பருவத்தில் இரவல் பெற்றவர் யாரென்பது எனக்கு மறந்துவிட்டது, அவர் இதனைப் படிப்பாராயின் விடுதி வாயிற்காவலரிடம் கொடுத்துவிடுக. கேட்டுக் காத்திருப்போர் மூவர் உளர்.