‘ஓ.கே.’ விழுங்கிய சொற்கள்

வைகறையில் பால் கொணர்பவரிடம் தொடங்கி, இரவு கண்ணயருமுன் கைப்பேசியில் விடுக்கும் கடைசிச் செய்திவரை, இற்றைத் தமிழர் வாயினின்று இடையறாது உதிர்வது ‘ஓ.கே.’ என்னும் ஈரெழுத்து ஒலியே. ‘உண்ண வா’ என்றாலும் ஓ.கே.; ‘இன்னும் சோறு இடவா’ என்றாலும் ஓ.கே.; காய்ச்சல் தணிந்ததா என்றாலும் ஓ.கே.; கேட்ட கடன் கிடைக்காது என்றாலும் ஓ.கே. அதனையும் முழுதாக எழுதப் பொழுதின்றிக் ‘கே’ என ஒற்றை எழுத்தாய்க் குறுக்கி விடுப்போரும் பெருகியுள்ளனர். இத்துணை ஏவல் செய்யும் இச்சொல் எங்கிருந்து வந்தது என வினவுவார் அரியர்.

அதன் பிறப்பு ஒரு பிழை; அதுவும் வேண்டுமென்றே செய்த பிழை. 1830களின் இறுதியில் அமெரிக்கப் பாசுடன் நகரத்து இதழாசிரியரிடையே ஒரு விளையாட்டுப் பரவியிருந்தது. ஒரு தொடரைப் பிழைபட எழுதி, அப்பிழைத் தொடரின் முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டு நகைப்பர். எல்லாம் செவ்விது எனப் பொருள்படும் ‘ஆல் கரெக்ட்’ என்பதை ‘ஓல் கொரெக்ட்’ எனத் திரித்தனர். அதன் குறுக்கமே ஓ.கே. 1839 மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் ‘பாசுடன் மார்னிங் போசுட்டு’ இதழில் அது அச்சேறியது. மறு ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற மார்த்தின் வான் பியூரனுக்கு, அவர் பிறந்த ஊரால் ‘ஓல்டு கிண்டர்ஊக்கு’ என்னும் பட்டப்பெயர் வழங்கியது. முதலெழுத்துகள் பொருந்தவே, அவர் கட்சியினர் ‘ஓ.கே.’ மன்றங்கள் அமைத்து முழங்கினர். தேர்தலில் அவர் தோற்றார், எழுத்துகள் வென்றன. 1960களில் பழைய இதழ்களைத் துருவி இவ்வரலாற்றை நிறுவியவர் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆலன் வாக்கர் இரீடு. அதற்குமுன், அமெரிக்கப் பழங்குடியினரான சோக்தா மக்களின் மொழியினின்று வந்தது என்றும் பிறவாறும் உய்த்துரைத்தனர். ஈழத் தமிழர் ‘ஆம்’ எனற்கு வழங்கும் ‘ஓம்’ என்பதினின்றே ஓ.கே. பிறந்தது என ஆர்வமிகுதியால் எவரேனும் கூறப் புகின், அது தமிழுக்குச் செய்யும் தொண்டன்று. ஒலி ஒத்தல் மட்டும் வேராகாது.

ஆக, ஓர் இதழாசிரியர் கூட்டத்தின் எழுத்துப்பிழை நகையாட்டுக்கு, பொருள்தோறும் சொல் வைத்திருக்கும் மொழியினர் தம் சொற்களைப் பலியிடுகின்றனர். ஏவலை ஏற்கும்போது ‘அப்படியே’, ‘ஆகட்டும்’, கொங்குநாட்டில் ‘ஆகட்டுங்க’. பிறர் கருத்தை ஏற்கும்போது ‘மெய்தான்’. தன் உரிமையோடு ஒன்றற்கு உடன்படும்போது ‘இசைகிறேன்’, ‘ஒப்புகிறேன்’. இலைமேல் கைமறித்துப் ‘போதும்’. உடல் குறித்து ‘நலம்’. கோப்பின் ஓரத்தில் ‘ஏற்கப்பட்டது’. பேசி முடித்து எழும்போது ‘நல்லது, வருகிறேன்’. நன்றுமன்று தீதுமன்று எனும் இடத்தில் ‘தாழ்வில்லை’. (இவ்விடத்துப் பலரும் ‘பரவாயில்லை’ என்பர். ‘பர்வா’ உருதுவழி வந்த பாரசீகச் சொல். ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் வேண்டா.) இவை ஏட்டில் உறங்கும் சொற்கள் அல்ல, நம் பாட்டியர் வாயில் இன்றும் வாழ்வன.

‘சரி’ என்னும் தமிழ்ச்சொல்லும் பல இடங்களில் புகுந்து வேலை செய்யவில்லையா என்று கேட்கலாம். செய்கிறது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அது வேர்விட்டுக் கிளைத்த சொல். சரிப்படும், சரிவராது, சரிபார், சரிக்கட்டு என வினைகளை ஈன்றுள்ளது. ஓ.கே.யோ ‘பண்ணு’ என்னும் ஊன்றுகோலின்றி ஓரடியும் நடவாது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும் ஓ.கே.யை இடமறிந்தே ஆள்வர். ஒப்பந்தத்தில் எழுதார், தீர்ப்பில் எழுதார், தம் கோவிலில் மணஉறுதி கேட்கப்படும்போது, ‘ஏற்பேன்’ எனத் தொடராகவே மறுமொழி கூறுவர்.

தமிழ் இல்லத்தில் நிகழ்வதென்ன? மாப்பிள்ளை வீட்டார் வந்து சென்றபின், தந்தை மகளைப் பார்த்து, “என்னம்மா, ஓ.கே.வா?” என்கிறார். அவள் தலைநிமிராமல், “ஓ.கே.ப்பா” என்கிறாள். என்ன கூறினாள்? ‘பிடித்திருக்கிறது’ என்றாளா? ‘தாழ்வில்லை’ என்றாளா? ‘உங்கள் பொருட்டு ஒப்புகிறேன்’ என்றாளா? ‘கேட்டது செவியில் விழுந்தது, இப்போதைக்கு விடுங்கள்’ என்றாளா? நான்கும் நான்கு வாழ்க்கை. “உனக்கு இசைவா, அம்மா?” என்று கேட்டிருப்பின், ‘இசைவு’ என்றோ, ‘இசைவில்லை’ என்றோ, ‘எண்ணிச் சொல்கிறேன்’ என்றோ விடையிறுக்க அவளுக்கு ஒரு வாயில் திறந்திருக்கும். தந்தைக்கும் இது தெரியாததன்று. தெளிந்த விடைக்கு அஞ்சும்போது தெளிவற்ற சொல் அவருக்கும் ஏந்தாகிறது, அவளுக்கும் ஏந்தாகிறது. அன்று மாலையே தரகருக்குச் செய்தி பறக்கிறது: “பெண் ஓ.கே. சொல்லிவிட்டாள்.”