வயரிலும் நிறுவை மோசடி

லயன் தீப்பற்றி எரிந்த மறுநாள் நடப்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். குடும்பங்கள் பாடசாலை மண்டபத்தில் தங்க வைக்கப்படும். அரிசி, பருப்பு, பாய், துணிமணி வந்து சேரும். நம் சங்கமும் உண்டியல் எடுத்துக்கொண்டு போகும். பத்திரிகையில் "மின்ஒழுக்கே காரணம் எனச் சந்தேகிக்கப்படுகிறது" என்று ஒரு வரி வரும். அத்துடன் விசாரணை முடிந்துவிடும். ஒழுகியது ஏன், எந்த வயரில் ஒழுகியது, அந்த வயரை யார் விற்றார், யார் பொருத்தினார் என்று எவரும் கேட்பதில்லை. உண்மையைச் சொன்னால், நாமும் கேட்டதில்லை.

அண்மையில் நம் தோட்டத் தலைவர் ஒருவர் புதிய வயர் சுருள் ஒன்றைக் காரியாலயத்துக்குக் கொண்டு வந்தார். மகளுக்குப் பிள்ளை கிடைத்ததால் இஸ்தோப்பை அடைத்து ஓர் அறை எடுத்திருக்கிறார். அதற்கு பிளக் பொயின்ட் போட வாங்கிய வயர் அது. மேலே 7/0.67 என்று அச்சடித்திருந்தது. நுனியை வெட்டிக் கத்தியால் சுரண்டினோம். மேல்தோல் செம்பு, உள்ளே வெள்ளை வெளேரென்று அலுமினியம். இழைகளும் மெல்லியவை. அவர் கொடுத்ததோ செம்பு வயருக்கான காசு.

7/0.67 என்றால் ஏழு இழை, ஒவ்வோர் இழையும் 0.67 மில்லிமீற்றர் தடிப்பு. மொத்தம் 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு. பிளக் பொயின்டுக்கு இதுதான் போட வேண்டும். பல்புக்கு 1/1.13 போதும். அது 1 சதுர மில்லிமீற்றர். இடையில் 7/0.53 என்றொரு வயரும் உண்டு. அதில் 1.5 தான் இருக்கும். இறப்பர் போன்ற மேலுறையைத் தடிப்பாக வார்த்துவிட்டால் வெளியே பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

இதனால் என்ன கெடுதி? 2000 வொட் கேத்தல், 1000 வொட் அயன் பெட்டி, 700 வொட் ரைஸ் குக்கர் மூன்றும் காலையில் ஒரே வயரில் ஓடினால் ஏறத்தாழ 16 அம்பியர் மின்சாரம் இழுக்கும். சரியான செம்பு வயர் அதைத் தாங்கும். 2.5 என்று சொல்லி 1.5 கொடுத்திருந்தால் அதே மின்சாரத்துக்கு வயர் ஒன்றரை மடங்குக்கு மேல் சூடாக்கும். அந்த 1.5 உம் அலுமினியமாக இருந்தால் இரண்டரை மடங்கு. சாதாரண வயரின் மேலுறை 70 பாகை செல்சியஸ் சூட்டுக்கே செய்யப்பட்டது. அதற்கு மேல் போனால் நாளடைவில் இளகும், வெடிக்கும். அலுமினியம் இன்னொரு வேலையும் செய்யும். ஸ்குரூ இறுக்கிய இடத்தில் மெல்ல மெல்லத் தளர்ந்து, அந்த மூட்டிலேயே தீப்பொறி கிளப்பும்.

"பிரேக்கர் போட்டிருக்கிறோமே, விழுந்துவிடாதா?" என்று கேட்கலாம். 20 அம்பியர் பிரேக்கர் 16 அம்பியருக்கு விழாது. வயரில் எழுதியிருப்பதை நம்பித்தான் பிரேக்கரைத் தெரிவு செய்கிறோம். எழுத்து பொய்யானால் பிரேக்கர் இருந்தும் காவல் இல்லை. ட்ரிப் சுவிட்ச் கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஆளை மின்சாரம் தாக்காமல் காப்பதற்கு. வயர் சூடாவதை அது அறியாது.

தனி வீட்டில் இது ஒரு வீட்டின் துன்பம். லயனில் அப்படியில்லை. ஒரே கூரை, ஒரே மரச்சட்டம், கூரைக்குக் கீழே புகை படிந்த படங்கும் காட்போட்டும். முதல் காம்பராவில் பற்றியது கடைசிக் காம்பராவரை போகும். ஒருவர் வாங்கிய பொய் வயருக்குப் பத்துக் குடும்பம் பிறப்புச் சான்றிதழையும் பிள்ளைகளின் புத்தகத்தையும் பறிகொடுக்கிறது.

கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ கூடக் கழித்தால் மடுவத்திலேயே நின்று சண்டை பிடிக்கிறவர்கள் நாம். வயரில் செம்பைக் கழித்து விற்பதும் அதே நிறுவை மோசடிதான். அங்கே போவது அரைப்பேர். இங்கே போவது உயிர்.

ஆகவே, வாங்கும் சுருளை வீட்டுக்குள் இழுப்பதற்கு முன் சோதியுங்கள். நுனியைச் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் இருக்க வேண்டும். ஓர் இழையை நிமிர்த்தி, பென்சிலில் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 7/0.67 ஆனால் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் வரும். 5 ஐ ஒட்டி வந்தால் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். 100 மீற்றர் சுருளில் செம்பு மட்டுமே 2.2 கிலோ அளவுக்கு இருக்கும். முழுச் சுருளும் அதற்குக் குறைவாக நிறுத்தால் கேள்வியே வேண்டாம். இதெல்லாம் புதிய சுருளில் மட்டும். சுவரில் இருக்கும் வயரில் யாரும் கைவைக்கக் கூடாது.

பற்றுச்சீட்டில் வயரின் அளவையும் எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. பொய்யான அளவைப் போட்டு விற்பது 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து முறையிடலாம். தனியாகத் தயங்குகிறவர்கள் மாதர் சங்கத்தையோ தோட்டக் கமிட்டியையோ சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய துண்டைப் பத்திரப்படுத்துங்கள்.

ஆனால் முழுப் பாரத்தையும் தொழிலாளியின் தலையில் ஏற்ற நாம் தயாரில்லை. "கண்டபடி வயர் இழுத்தால் எரியத்தானே செய்யும்" என்று நிர்வாகங்கள் சொல்கின்றன. நம்மவரில் சிலர் வயரை முறுக்கி பொலித்தீன் சுற்றிவிடுவதும், பியூசுக்குத் தடித்த கம்பி போடுவதும் உண்மை. அதை நாம்தான் நிறுத்த வேண்டும். ஆனால் ஒரு பல்பை நினைத்துப் போட்ட வயரிங்கில் இன்று மூன்று குடும்பம் வாழ்கிறது என்றால் அது யார் குற்றம்? லயன் தொழிலாளிக்குச் சொந்தமில்லை. மாற்றிக் கட்டக் கேட்டால் அனுமதியும் இல்லை. சொந்தம் கொண்டாடுகிறவர்களே பொறுப்பும் ஏற்க வேண்டும்.

நமது கோரிக்கை இரண்டு. தோட்டந்தோறும் லயன் வயரிங்கைத் தகுதி பெற்ற மின் தொழிலாளரைக் கொண்டு நிர்வாகத்தின் செலவில் பரிசோதித்து, பழுதானதை மாற்ற வேண்டும். புதிய வீடுகளுக்கு ஒப்பந்தக்காரர் கொண்டு வரும் வயரைப் பூசி மறைப்பதற்கு முன் தோட்டக் கமிட்டிக்குக் காட்ட வேண்டும்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதை முதலாவது விடயமாக எடுங்கள். எரிந்த பிறகு அரிசி சேர்த்தது போதும்.