கார்பன் இல்லாத மோட்டார்

– இரண்டாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

பொம்மை லாரியைப் பற்றிக் கல்லூரி மலரில் ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நம் விளையாட்டு மைதானத்தில் அந்த லாரி முதன்முதலாக மண்ணைக் கிளப்பிக்கொண்டு ஓடிய மாலையிலேயே ஒருவர் கேட்டுவிட்டார்: "இருபது வயசுல இதெல்லாம் தேவையா?" அன்று என்னால் பதில் சொல்ல இயலவில்லை. ஆறு மாதங்கள் கழித்து இப்போது சொல்கிறேன். தேவைதான். இரண்டு ஆண்டுகளாக நான் படித்த மின்னியல், அந்த லாரியைப் பிரித்துப் பூட்டியபோதுதான் எனக்கு விளங்கியது. அதைவிட முக்கியமான ஒன்றும் விளங்கியது. அதைக் கூறவே இக்கட்டுரை.

லாரி வந்த கதை

என் தந்தையார் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் மிக்சி பழுது பார்ப்பவர். கார்பன் மாற்றுவது, ஆர்மேச்சர் கட்டுவது, கப்ளர் மாற்றுவது, மின்விசிறிக்குக் காயில் சுற்றுவது ஆகியவை அவர் தொழில். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்க அவருக்கு வாய்க்கவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

வாடிக்கையாளர் ஒருவர், வெளிநாட்டிலிருந்து மகனுக்கு வாங்கி வந்த லாரி ஓடவில்லை என்று கடையில் கொடுத்தார். வானொலி அலையால் இயங்குவது. உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவு. மேடு பள்ளங்களில் ஓடக் கூடிய பெரிய சக்கரங்கள். தந்தையார் அதன் மோட்டாரைப் பிரித்தார். கார்பன் முற்றும் தேய்ந்திருந்தது; கம்யூட்டேட்டரில் பள்ளம் விழுந்திருந்தது. அந்த மோட்டாருக்குக் கார்பன் தனியாகக் கிடைக்காது. "பையன் வளந்துட்டான், நீங்களே வெச்சுக்குங்க" என்று அவர் விட்டுச் சென்றார்.

இந்த வகை வண்டிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. ஜப்பானில் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1979ஆம் ஆண்டிலேயே மணலில் ஓடும் வண்டிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1987இல் அது வெளியிட்ட கிளாட் பஸ்டர் என்ற ராட்சத லாரியில் இரண்டு மோட்டார்கள் இருந்தன. அக்காலத்தில் இவை எல்லாவற்றிலும் கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரே இருந்தது. இப்போது பிரஷ் இல்லாத மோட்டாரைப் பொருத்தி, பழைய வண்டியையும் புதிய வேகத்தில் ஓட்டலாம். நானும் மூன்று நண்பர்களும் அதைச் செய்து பார்க்கத் துணிந்தோம். முகூர்த்த நாட்களில் பந்தி பரிமாறிச் சேர்த்த பணம் ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய். மோட்டார், அதை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவி, லித்தியம் பாலிமர் மின்கலம், அதற்குரிய சார்ஜர் என எல்லாம் அதற்குள் வந்தன.

அப்பா கேட்ட கேள்வி

புதிய மோட்டாரைக் கையில் வாங்கிய என் தந்தையார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டு கம்பிக்குப் பதில் மூன்று கம்பிகள்.

"ஏன்டா, கார்பன் இல்லாம ஆர்மேச்சருக்குக் கரண்ட் எப்படிப் போகும்?"

"சுத்துறதுல காயிலே இல்லைப்பா. காயில் வெளியே சும்மா நிக்குது. உள்ளே காந்தம்தான் சுத்துது."

"அப்ப உள்ளே இருந்ததை வெளியவும் வெளிய இருந்ததை உள்ளேயும் மாத்திட்டான்! சரி, கம்யூட்டேட்டர் வேலையை யாரு பாக்குறா?"

நண்பர்களே, இதைவிடச் சிறந்த கேள்வியை நான் எந்த வினாத்தாளிலும் கண்டதில்லை. சாதாரண மோட்டாரில் காந்தம் நிலையாக இருக்கிறது, சுருள் சுழல்கிறது. சுருள் அரைச்சுற்றுச் சுற்றியதும் மின்னோட்டத்தின் திசையை மாற்றாவிட்டால் அது அங்கேயே நின்றுவிடும். அந்தத் திசைமாற்றத்தைச் செய்பவையே கம்யூட்டேட்டரும் கார்பனும். அமெரிக்கக் கொல்லரான தாமஸ் டேவன்போர்ட் 1837இல் மின்மோட்டாருக்குக் காப்புரிமை பெற்ற காலந்தொட்டு இந்த உராய்வு நம்முடன் இருக்கிறது. உராய்வதால் தேய்கிறது; தேய்வதால் பொறி பறக்கிறது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் நம் வீட்டு ரேடியோ கரகரப்பது அந்தப் பொறியால்தான்.

1962இல் வில்சன், டிரிக்கி என்ற இருவர், கம்யூட்டேட்டரின் வேலையைக் குறைகடத்திகளைக் கொண்டே செய்யலாம் என்று ஆய்வுக் கட்டுரை எழுதினர். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களும் தனித்தனியே நியோடிமியம் காந்தத்தை உருவாக்கினர். சிறிய இடத்தில் பெரிய வலிமை கொண்ட காந்தம் அது. கட்டை விரல் பருமனுள்ள சுழலி ஒரு லாரியை அம்பு போல் செலுத்துவது அதனால்தான்.

ஆகவே கம்யூட்டேட்டரின் வேலையைப் பார்ப்பது கட்டுப்பாட்டுக் கருவி. அதற்குள் ஆறு மின்னணுச் சாவிகள். ஒவ்வொரு கம்பிக்கும் இரண்டு. எந்த நொடியிலும் இரண்டு கம்பிகளில் மின்சாரம் பாயும். மூன்றாவது கம்பி சும்மா இருப்பதில்லை. காந்தம் சுழல்வதால் அதில் எழும் மின்னியக்கு விசையைக் கருவி உற்றுக் கவனித்து, காந்தம் எங்கே வந்திருக்கிறது என்று அறிந்து, அடுத்த சாவியைத் திறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்ட மின்காந்தத் தூண்டல் இங்கே கண்ணாக இருந்து வேலை செய்கிறது! வண்டி நிற்கும்போது அந்த விசை இல்லை. ஆகவே கருவி குத்துமதிப்பாகத்தான் தொடங்கும். கல்லில் ஏறும்போது வண்டி திக்கித் திணறும். அதைத் தவிர்க்க, எட்வின் ஹால் 1879இல் கண்டறிந்த விளைவைப் பயன்படுத்தி உணரிகள் வைத்த மோட்டார்களும் உள்ளன. பாறைமீது மெல்ல ஏறும் வண்டிகளுக்குப் பழைய கார்பன் மோட்டாரே போதும் என்பாரும் உண்டு. பழையதெல்லாம் பயனற்றது என்று நான் கூறவரவில்லை.

உடைந்த பற்கள்

மோட்டாரை மாற்றினால் வேலை முடிந்தது என்று எண்ணினோம். அது தவறு.

எங்கள் மோட்டாரின் கே.வி. எண் 3,300. அதாவது சுமையின்றி, ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு 3,300 சுற்றுகள். இரண்டு செல் கொண்ட 7.4 வோல்ட் மின்கலத்தில் 24,420 சுற்றுகள். நாங்களோ ஆசை மிகுதியால் மூன்று செல் மின்கலம் வாங்கிவிட்டோம். 11.1 வோல்ட்டில் 36,630 சுற்றுகள்! பழைய மோட்டார் சுற்றியது சுமார் 15,000. வேகம் இரண்டரை மடங்கானால் இயக்க ஆற்றல் இரண்டரை மடங்காவதில்லை. ஏறத்தாழ ஆறு மடங்காகிறது. பள்ளி நாளிலிருந்து எழுதிவரும் அந்தச் சமன்பாட்டில் வேகத்தின் தலைமேல் ஓர் இரண்டு இருக்கிறதல்லவா? அந்த இரண்டு எங்களிடம் கணக்குக் கேட்டது. ஐந்தாம் நிமிடத்தில், தாவிக் குதித்த லாரி தரையில் விழுந்து சக்கரம் பற்றியதும், பின் அச்சின் பிளாஸ்டிக் பற்சக்கரம் பல் உதிர்ந்து போயிற்று.

தந்தையார் கோபிக்கவில்லை. "மிக்சியில கப்ளர் எதுக்கு இருக்கு? ஜார் இறுகிப்போனா அது கிழிஞ்சு மோட்டாரைக் காப்பாத்தும். உன் வண்டியில கிழியறதுக்கு எதை வெச்சிருக்கே?" என்றார். தேடிப் பார்த்தோம். அழுத்தம் மிகுந்தால் வழுக்கிக் கொடுக்கும் ஒரு கிளட்ச் இருக்கத்தான் செய்தது. நாங்கள்தான் அதை இறுக்கி வைத்திருந்தோம். அதைத் தளர்த்தினோம். பின் அச்சுக்கு உலோகப் பற்சக்கரம் போட்டோம். லித்தியம் செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கவும் கூடாது. மீறினால் ஊதிப் போகும், தீயும் பிடிக்கலாம். ஆகவே மின்னழுத்தம் குறைந்ததும் தானே நிற்கும்படி கருவியைச் சரிசெய்தோம். ஓர் உறுப்பை மாற்றினால் அதைத் தொடும் ஒவ்வோர் உறுப்பையும் கணக்கிட வேண்டும் என்ற பாடத்தைக் கைப்பட உணர்ந்தோம்.

மூடிய பெட்டி

இனிதான் நான் சொல்ல வந்த செய்தி. இரண்டாம் மாதம், மேலும் வேகம் வேண்டி மோட்டாரின் பினியனைப் பெரிதாக்கி, உயர்ந்த புல்லில் ஓட்டினோம். சுமை மிகுந்து, கட்டுப்பாட்டுக் கருவி புகைந்து நின்றது. குற்றம் எங்களுடையது, அதில் ஐயமில்லை. மோட்டார் நன்றாக இருந்தது. கருவியைத் தந்தையாரிடம் கொடுத்தேன். திருகைக் கழற்றினார். உள்ளே பலகை முழுவதும் கறுப்புப் பசை ஊற்றி மூடியிருந்தது. சற்று நேரம் பார்த்துவிட்டு மேசைமீது வைத்தார்.

"இதுல என் கைக்கு வேலை இல்லைப்பா" என்றார்.

முப்பது ஆண்டுகள் தொழில் செய்தவர். பொறியின் நிறத்தைப் பார்த்தே எந்தக் காயில் போயிற்று என்று சொல்லக்கூடியவர். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியது. அந்த மிக்சிகள் பழுதாகி வந்த காலத்தில் இரவு பத்து மணி வரை விளக்கெரிந்த கடை எங்களுடையது. அந்தக் கைகள் ஒரு சிறு பலகையின் முன் தோற்றன.

இது பொம்மையோடு நிற்கவில்லை. பழைய மின்விசிறியிலும் கார்பன் கிடையாது. அது தூண்டல் மோட்டார். சுமார் 75 வாட் உண்ணும். புதிதாக வரும் நிலைக்காந்த மின்விசிறி முப்பது வாட் அளவில் அதே காற்றைத் தருகிறது. நாட்டுக்கு நல்லது, மின்கட்டணத்துக்கும் நல்லது. ஆனால் அது பழுதாகிக் கடைக்கு வரும்போது, பல சமயம் காயிலும் நலம், காந்தமும் நலம், போனது பலகை. தந்தையார் அதைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். ஓசூரில் உருவாகும் மின்சார ஸ்கூட்டர்களுக்குள்ளும் இதே மூன்று கம்பித் தத்துவம்தான். கார்பன் போயிற்று, அதோடு கார்பனை நம்பியிருந்த கைத்திறனும் இடம் பெயர்ந்து அந்தப் பெட்டிக்குள் போய்விட்டது. கதவைத் தட்டித் திறக்க வேண்டியவர் யார்?

நாம்தான் என்பது என் கருத்து. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் ஆயத்தமாக வந்த வண்டியை வாங்கி ஓட்டலாம், ஓட்டட்டும். பழுது பார்ப்பவர், உழுபவர், நெய்பவர் வீட்டிலிருந்து முதன்முறையாகக் கல்லூரிக்கு வந்த நாம், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்து வீடு திரும்பவேண்டும். இல்லையேல் நம் பட்டத்தால் நம் தெருவுக்கு என்ன பயன்?

நம் ஆய்வகத்தில் வீட்ஸ்டன் பாலம் இருக்கிறது, மின்னழுத்தமானி இருக்கிறது, செனர் டையோடு இருக்கிறது. அவை வேண்டாம் என்று நான் கூறவில்லை; அவற்றின்றி இதுவும் விளங்கியிராது. அவற்றின் அருகே ஒரு பிரஷ் இல்லாத மோட்டாரும், பசை ஊற்றாத ஆறு சாவிகளும், ஓர் அலைவரைவியும் வைத்தால் போதும். மூன்று கம்பிகளிலும் மின்னழுத்தம் மாறிமாறி எழுவதை மாணவன் கண்ணால் காண்பான். செலவு அதிகமில்லை, பந்தி பரிமாறிய நான்கு மாணவர்களால் ஒரு மோட்டாரும் கருவியும் வாங்க முடிந்ததே! விடுமுறையில் ஊர்ப் பழுது பார்ப்போரையும் அழைத்துக் காட்டலாம். அவர்கள் கேட்கும் கேள்விகளால் நாமும் பயன் பெறுவோம்.

எரிந்த கருவியின் பசையை நான் மெல்லச் சுரண்டி வருகிறேன். ஆறு சாவிகளில் நான்கு வெளிப்பட்டுவிட்டன. இரண்டு சாவிகள் குறுக்குச்சுற்றாகியிருப்பதை மல்டிமீட்டர் காட்டியது. இரவில் கடை மூடும் முன் தந்தையார் அருகில் வந்து உட்காருகிறார். "இதுல எது கம்யூட்டேட்டர், காட்டு" என்கிறார். காட்டுகிறேன்.

வேறு கருவி வாங்கிப் பூட்டியதால் லாரி மீண்டும் ஓடுகிறது. பினியன் இப்போது சிறியது. ஓட்டிப் பார்க்க விரும்பும் நண்பர்கள் மாலையில் மைதானத்துக்கு வரலாம். வரும்போது ஒரு திருப்புளியும் கொண்டுவாருங்கள்.