தம்பிக்கு ஆகாத சைக்கிள்

டயர் தேயவில்லை. செயின் துருப்பிடிக்கவில்லை. உயரமும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அக்காவின் சைக்கிள் தம்பிக்கு ஆகாது. ரோஸ் கலர், முன்னால் கூடை, ஹேண்டிலில் தொங்கும் குஞ்சம், அவ்வளவுதான் குறை. "பொம்பளப் பிள்ளை சைக்கிளையா ஓட்டுவான்?" என்று முதலில் கேட்டது பையன் இல்லை, நாம்தான். அது பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போகும். நீல நிறத்தில் புதிதாக ஒன்று வீட்டுக்கு வரும். வசதி வந்துவிட்டது என்று நாமும் பெருமைப்பட்டுக்கொள்வோம்.

இதற்குக் கம்பெனிக்காரர்களைத் திட்டுவது சுலபம். ஒரே சாமானை ஒரே வீட்டில் இரண்டு தடவை விற்க வழி கிடைத்தால் வியாபாரி விடுவானா? கிண்டர் ஜாய் பெண்ணுக்கு ரோஸ், ஆணுக்கு நீலம் என்று வந்தபோது, "பையனா, பொண்ணா?" என்று கேட்டார் கடைக்காரர். நாமும் மறுபேச்சில்லாமல் பதில் சொல்லி வாங்கிவந்தோம். உள்ளே இருந்த சாக்லேட் என்னவோ ஒன்றுதான்.

காலங்காலமாக இருக்கும் வழக்கம் என்று சொல்லவும் வழியில்லை. 1918-ல் அமெரிக்காவின் குழந்தை உடை வணிக இதழ் ஒன்று, ரோஸ் அழுத்தமான நிறம், அது பையன்களுக்கு; நீலம் மென்மையானது, அது பெண்களுக்கு என்று எழுதியது. நம் ஊரிலோ பிறந்தது ஆணோ பெண்ணோ, அம்மாவின் பழைய நூல்சேலைதான் தூளி. மொட்டை போடும் முன் பையனுக்கும் சடை பின்னி, பூ வைத்து, பாவாடை கட்டி ஸ்டுடியோவில் எடுத்த போட்டோ எத்தனையோ வீட்டு ஆல்பங்களில் இருக்கிறது. அதே வீடுகளில்தான் இன்று பையன் ரோஸ் தண்ணீர் பாட்டிலைத் தூக்கினால் சிரிக்கிறோம். அடுத்த நாள் அவன் அதைத் தொடமாட்டான்.

எல்லாவற்றுக்கும் அடியில் நம் சோம்பல் இருக்கிறது. பிறந்தநாள் வீட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில், அந்தப் பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று ஒரு போன் போட்டுக் கேட்பதில்லை. "ஏழு வயசு, பொண்ணு" என்றால் போதும், ரோஸ் பெட்டியில் கிச்சன் செட் வந்துவிடும். பையன் என்றால் கார், துப்பாக்கி. நிறத்தோடு சேர்த்து வேலையையும் பங்குபோட்டுக் கொடுத்தோம். அண்ணனும் தங்கையும் ஒரே சொப்புச் சாமானில் மண்சோறு ஆக்கியதை மறந்தோம். கூட உட்கார்ந்து விளையாட நேரமில்லாத குறைக்குத்தான், பொம்மைமேல் பொம்மையாக வாங்கிக் குவித்தோம்.

திருத்திக்கொள்வது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஜூன் மாதம் மூத்தவளுக்குப் பை வாங்கும்போதே, இளையவனுக்கும் ஆகுமா என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். ரோஸ்தான் வேண்டும் என்று மகள் கேட்டால் தாராளமாக வாங்கித் தரலாம். மகன் கேட்டாலும் முகம் மாறாமல் வாங்கித் தரவேண்டும். பரிசு வாங்கும் முன் அந்தப் பிள்ளையிடமே கேட்கலாம். நல்ல நிலையில் இருக்கும் சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, "இனி இது உன்னோடது" என்று கொடுத்தால் பிள்ளை ஓட்டிக்கொண்டு போய்விடும். பார்த்துக்கொண்டிருக்கும் நாம் சிரிக்காமல் இருக்கப் பழகத்தான் கொஞ்ச நாளாகும்.