இரண்டு ஆசனம் குறைவு

வெள்ளிக்கிழமை பின்னேரம். வேலையை மூடிவைத்துவிட்டு பிரிஸ்டல் நகரசபைத் தேர்தல் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் 70 ஆசனங்கள். பசுமைக் கட்சி 34, தொழிற்கட்சி 21, லிபரல் டெமோக்ராட்ஸ் 8, கன்சர்வேட்டிவ் 7.

பத்து வயது மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, அப்ப கிரீன் வெண்டிட்டுதா?"

"முதலாவதா வந்திருக்கு. ஆனா பெரும்பான்மைக்கு 36 வேணும். இரண்டு குறைவு."

"அப்ப ஆர் பொஸ்?"

நல்ல கேள்விதான். 2012 முதல் இங்கே மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்த மேயர் இருந்தார். 2022இல் நடந்த வாக்கெடுப்பில் 59 சதவீதம் பேர் அந்த முறை வேண்டாம் என்றார்கள். இனி எல்லாக் கட்சியினரும், தங்கள் ஆசனங்களின் அளவுக்கு ஏற்ப, குழுக்களில் இருந்து முடிவெடுப்பார்கள்.

"ஒரு பொஸ் இல்லை பிள்ளை. எல்லாரும் இருந்து கதைச்சுத்தான் முடிவெடுக்க வேணும்."

"எங்கட வீடு மாதிரி" என்றாள். குசினிக்குள் அம்மா சிரித்தது கேட்டது.

என் அப்பாவுக்கு இப்போது 71 வயது. யாழ்ப்பாணத்தில் எந்தத் தொகுதியில் ஆர் எத்தனை வாக்கில் வென்றார் என்று இன்றைக்கும் சொல்லுவார். நாங்கள் இருக்கும் வட்டாரத்தின் பெயர் மட்டும் தெரியாது. "அது அவையின்ர எலெக்‌ஷன், எங்களுக்கென்ன?" என்பார். நான் சிரிப்பேன். ஆனால் 2021இல் நானும் போகவில்லை. வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு குப்பை எடுக்கவில்லை, மகளின் பாடசாலைக்கு முன்னால் வீதியைக் கடக்க முடியவில்லை என்று புறுபுறுத்ததும் நான்தான். குப்பை, வீதி, நூலகம், பூங்கா, முதியோர் பராமரிப்பு எல்லாம் பார்ப்பது இந்தச் சபைதான்.

இந்த முறை அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது வாக்களிக்கப் படம் உள்ள அடையாள அட்டை காட்ட வேண்டும். வயதானவர்களுக்குப் படம் போட்ட பஸ் பாஸே போதும். அப்பாவோ பாஸ்போர்ட்டையும் பழைய விசாக் கடிதங்களையும் பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இதெல்லாம் தேவையில்லை அப்பா."

"எதுக்கும் இருக்கட்டும்."

வாக்குச்சாவடியில் அந்த ஃபைலை ஒருவரும் கேட்கவில்லை. பஸ் பாஸைப் பார்த்துவிட்டு வாக்குச்சீட்டைக் கொடுத்தார்கள். வெளியே வந்து, "இவ்வளவுதானா?" என்றார். திரும்பி வரும்போது எங்கள் வட்டாரத்தின் பெயரை இரண்டு தரம் கேட்டார்.

உங்கள் வீட்டிலும் ஒருக்கால் பாருங்கள். பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும், இங்கே முறையான அனுமதியோடு வசிக்கும் இலங்கை, இந்தியக் குடிமக்கள் கொமன்வெல்த் நாட்டவர் என்ற வகையில் பதிந்து வாக்களிக்கலாம். அம்மா அப்பாவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா? உங்கள் வட்டாரக் கவுன்சிலர் ஆர் என்று பிள்ளை கேட்டால், உடனே சொல்லுவீர்களா?

நான் போன கிழமைதான் பெயரைப் பாடமாக்கினேன். பாடசாலைக்கு முன்னால் கடவை கேட்டு எழுதும் கடிதம் மகளின் கையெழுத்தில் போகப்போகிறது.