வேலை இருக்கு... பாதுகாப்பு இருக்கா? பியூட்டிஷியன்கள் தெரிஞ்சுக்க வேண்டிய ‘10 பேர்’ கணக்கு

"பியூட்டிஷியன் கோர்ஸ் முடிச்சிட்டா வேலைக்குப் பஞ்சமே இல்லை." அழகுக்கலைப் பயிற்சி விளம்பரங்களில் அடிக்கடி கேட்கும் வாக்குறுதி இது. புதுக்கோட்டை மாவட்டம் ஆவுடையார்கோவில் மாதிரி ஊர்களில், பிளஸ் டூ அல்லது டிகிரி முடித்துவிட்டு வெளியூர் போக முடியாத பெண்களுக்கு இது பெரிய நம்பிக்கை. நகையை அடகு வைத்தாவது ஃபீஸ் கட்டலாமா என்று யோசிக்க வைக்கும் நம்பிக்கை.

அந்த வாக்குறுதியில் பாதி உண்மை. வேலை கிடைக்கும். ஆனால் உடம்பு முடியாமல் போனால் சம்பளம் வருமா? பிரசவத்துக்குப் போய்த் திரும்பினால் இடம் இருக்குமா? இதற்கான பதிலைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சர்ட்டிஃபிகேட் அல்ல, கடையில் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்ற கணக்கு.

வேலை ஏன் குறையாது?

புருவம் திரெடிங், ஃபேஷியல், ஹேர் கட், மணப்பெண் அலங்காரம் எல்லாமே ஆள் நேரில் இருந்து கையால் செய்ய வேண்டியவை. ஏஐ வந்தாலும் திரெடிங் நூலைப் பிடிக்க ஒரு கை வேண்டும்.

சிக்கல் வருமானத்தில். சின்ன ஊர் பார்லருக்குப் பெரிய பணம் வருவது கல்யாண சீசனில்தான். ஆடி, புரட்டாசி, மார்கழியில் முகூர்த்தம் குறைந்தால் மேக்கப் ஆர்டரும் குறையும். மாதச் சம்பளம் இல்லாமல் கமிஷனுக்கு வேலை பார்ப்பவருக்கு அந்த மாதங்களில் கை கடிக்கும்.

‘10 பேர்’ கணக்கு என்றால் என்ன?

தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களில் பலவும் ஆள் எண்ணிக்கை பார்த்துத்தான் கடைக்குள் நுழைகின்றன.

• இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு: 10 பேர் இருக்க வேண்டும். மாதச் சம்பளம் ரூ.21,000-க்குள் இருப்பவர்களுக்குப் பொருந்தும்.
• 26 வார சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு (முதல் இரண்டு குழந்தைகளுக்கு): கடைகளில் 10 பேர்.
• பணிக்கொடை: 10 பேர்.
• பிஎஃப்: 20 பேர்.

ஓனர் அக்காவும் கூட ஒன்றிரண்டு பெண்களும் மட்டும் இருக்கும் பார்லர் இந்தப் பட்டியலில் எதிலும் வராது. அங்கே பாதுகாப்பு என்பது ஓனரின் நல்ல மனசு மட்டும்தான்.

2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இந்த எண்ணிக்கை மாறவில்லை. ‘எல்லோருக்கும் பணி நியமனக் கடிதம்’ என்று பேசப்பட்டது. ஆனால் அந்தக் கடமையைச் சொல்லும் பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பும் பொதுவாக 10 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள நிறுவனங்களுக்கானதே.

கொரோனா காட்டிய நிஜம்

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் சலூன், பார்லர் எல்லாம் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் கிராமப்புற முடிதிருத்தும் கடைகளுக்கு மே 19-ல்தான் அனுமதி கிடைத்தது. 2021 இரண்டாம் அலையில் மீண்டும் பூட்டு. அந்த ஜூன் 14-ல் புதுக்கோட்டை உள்பட 27 மாவட்டங்களில், 50% வாடிக்கையாளர்களோடு திறக்கலாம் என்றார்கள்.

2020-ல் நலவாரியத்தில் பதிவு செய்திருந்த முடிதிருத்தும் தொழிலாளர்களுக்கு ரூ.2,000 நிவாரணம் அறிவிக்கப்பட்டது. பதிவு இல்லாதவர்கள் அதன்பிறகு தனியாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தொகை சின்னதுதான். ஆனால் நெருக்கடி நேரத்தில் அரசு முதலில் தேடுவது, யாருடைய பேர் பதிவேட்டில் இருக்கிறது என்பதைத்தான்.

சென்னைக்குப் போனால் சரியாகிவிடுமா?

பெரிய சலூன் நிறுவனம் என்றால் இஎஸ்ஐ, பிஎஃப் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் ஒரே பெயர்ப் பலகை என்பதால் எல்லாக் கிளைகளும் ஒரே முதலாளியுடையவை ஆகிவிடாது. பல கிளைகள் ஃபிரான்சைஸ் முறையில் தனித்தனி ஆட்கள் நடத்துபவை. சேரும்போதே ‘சம்பளம் தருவது யார், பிஎஃப் பிடிப்பீங்களா’ என்று கேட்டுக்கொள்வது நல்லது.

ஆப் மூலம் வீடு தேடிப் போகும் வேலையில் நிலைமை வேறு. அங்கே ஊழியர் என்று சொல்ல மாட்டார்கள், ‘பார்ட்னர்’ என்பார்கள். கமிஷன், அபராதத்தை எதிர்த்து அர்பன் கம்பெனியின் பெண் பியூட்டிஷியன்கள் 2021 அக்டோபரில் குருகிராமில் போராடினார்கள். புதிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இவர்களை ‘கிக்’ தொழிலாளர்களாக ஏற்கிறது. இவர்களின் நலனுக்காக ஆப் நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை நிதி தர வேண்டும் என்கிறது.

சின்ன பார்லரில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

• குறைந்தபட்ச ஊதியம்: ஊதியத் தொகுப்பில் 10 பேர் நிபந்தனை கிடையாது. ஒரே ஒருவர் வேலை பார்த்தாலும் கேட்கலாம்.
• இ-ஷ்ரம் கார்டு: 16 முதல் 59 வயது வரை, இஎஸ்ஐ, பிஎஃப் இல்லாதவர்கள் இலவசமாகப் பதியலாம்.
• நலவாரியம்: முடிதிருத்துவோருக்குத் தமிழ்நாட்டில் தனி வாரியமே உண்டு. பார்லரில் முடி வெட்டும் வேலையும் பார்ப்பவர்கள் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரிக்கலாம்.
• பாலியல் தொல்லை: 10 பேருக்குக் குறைவான கடை என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் புகார்க் குழுவில் புகார் தரலாம். புகார் ஓனர் மீதே இருந்தாலும் அங்கே போகலாம்.
• காப்பீடு: வங்கிக் கணக்கு இருந்தால் ஆண்டுக்கு ரூ.20-ல் விபத்துக் காப்பீடும், ரூ.436-ல் ஆயுள் காப்பீடும் எடுக்கலாம்.

சொந்தக் கடை போட்டால்?

தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் உள்ள 25 தொழில்களில் சிகை அலங்காரமும் அழகுக்கலையும் உண்டு. ரூ.3 லட்சம் வரை கடன், அதில் 25%, அதிகபட்சம் ரூ.50,000 மானியம். ஆனால் 35 வயது ஆகியிருக்க வேண்டும். 22 வயதில் கோர்ஸ் முடிக்கும் பெண்ணுக்கு இது உடனே கை கொடுக்காது.

2025 செப்டம்பர் 22 முதல் அழகுக்கலை சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18%-லிருந்து 5% ஆனது. பொதுவாக ஆண்டு வரவு ரூ.20 லட்சத்தைத் தாண்டாத கடைக்கு ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை என்பதால், ஊர்ப்புற பார்லர்களுக்கு இதில் நேரடிப் பலன் குறைவு.

ஃபீஸ் கட்டும் முன்...

அரசு ஐடிஐ-களில் அழகுக்கலைக்கு ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களில் பியூட்டி பார்லர் பயிற்சி இலவசம், சாப்பாடும் தங்கும் இடமும் சேர்த்து. இவற்றை விசாரித்துவிட்டுத் தனியார் மையத்துக்குப் போகலாம். அங்கே ‘100% வேலை’ என்றால் மூன்று கேள்வி போதும்: சர்ட்டிஃபிகேட்டுக்கு அரசு அங்கீகாரம் இருக்கா? வேலை எந்தக் கடையில்? அந்தக் கடையில் எத்தனை பேர்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே, கிடைக்கப்போவது வேலை மட்டுமா, பாதுகாப்பும் சேர்த்தா என்று தெரிந்துகொள்ளலாம்.