வாங்கியவர் வாக்கையும் வாங்கட்டும்: செங்கோட்டைப் பிரகடனம்

செங்கோட்டையிலும் தென்காசியிலும் குற்றாலத்திலும் மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் பழுது பார்ப்பவர்களும், பாத்திரக்கடை நடத்துகிறவர்களும், அந்தச் சாமான்களை அன்றாடம் அடுக்களையில் ஓட்டுகிறவர்களுமான நாங்கள் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். வீட்டுச் சாமான் செய்யும் ஒரு கம்பெனியை யார் வாங்கினாலும், அந்தக் கம்பெனி மக்களுக்குக் கொடுத்திருந்த வாக்கையும் சேர்த்தே வாங்க வேண்டும். ஆலையும் பெயரும் கைமாறுகிற அன்றே உதிரிப்பாகப் பொறுப்பும் பழுதுநீக்கும் பொறுப்பும் எழுத்தில் கைமாற வேண்டும். அது சட்டமாக வேண்டும்.

எங்களை இந்த இடத்துக்குக் கொண்டுவந்தது ஒரு மிக்ஸியின் வரலாறு. சென்னையில் 1978இல் டி.டி. வரதராஜன் தொடங்கியது ப்ரீத்தி. ‘ப்ரீத்திக்கு நான் கியாரண்டி’ என்ற விளம்பரத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் அபூர்வம். கல்யாணச் சீரில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் மிக்ஸிப் பெட்டி இடம்பிடித்த காலத்தில், அந்தப் பெட்டியில் அதிகம் பார்த்த பெயர்களில் அதுவும் ஒன்று. 2011 ஜனவரியில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் ப்ரீத்தியை வாங்கப்போவதாக அறிவித்தது. அடுத்த பத்தே ஆண்டில், 2021 மார்ச்சில், பிலிப்ஸ் தன் வீட்டு உபயோகப் பொருள் தொழில் முழுவதையும் ஹில்ஹவுஸ் என்ற ஆசிய முதலீட்டு நிறுவனத்துக்கு விற்பதாகச் சொன்னது. மதிப்பு சுமார் 370 கோடி யூரோ. அந்தச் செப்டம்பரில் விற்பனை முடிந்தது. 2023இல் அந்தத் தொழிலுக்கு வெர்சுனி என்று புதுப் பெயர் வந்தது. தலைமையகம் ஆம்ஸ்டர்டாம். பிலிப்ஸ் என்ற பெயரைக்கூட 15 ஆண்டு உரிம ஒப்பந்தத்தில்தான் அந்தக் கம்பெனி தன் பொருள்களில் பொறித்துக்கொள்கிறது.

2010இல் வாங்கிய ஒரு மிக்ஸியை எண்ணிப் பாருங்கள். அது அடுக்களை மேடையை விட்டு ஓர் அடி நகரவில்லை. அதற்குள் அதன் பெயருக்கு மூன்று முதலாளிகள் வந்துவிட்டார்கள். அதில் தேங்காய் அரைக்கிறவரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. ப்ரீத்தி மீது நாங்கள் குறை சொல்ல வரவில்லை. அந்தப் பெயரில் இன்றும் மிக்ஸி வருகிறது, மக்கள் வாங்குகிறார்கள். ஆனால் முதலீட்டு நிதி என்பது ஒரு தொழிலை வாங்கி, வளர்த்து, நல்ல விலை வந்தால் விற்றுவிட்டுப் போகும் இயல்புடையது. அது அதன் தொழில். ஆகவே நான்காவது முதலாளி வருவாரா என்பது வெறும் ஊகக் கேள்வியாக எங்களுக்குத் தோன்றவில்லை. வரும்போது என்ன நிபந்தனையோடு வருவார் என்பதை இப்போதே பேசியாக வேண்டும்.

இது ஒரு கம்பெனியின் கதை மட்டும் அல்ல. பரீதாபாத்தில் ஆலை வைத்திருந்த கெல்வினேட்டர் ஆஃப் இந்தியாவை 1990களின் நடுவில் அமெரிக்காவின் வேர்ல்பூல் வாங்கியது. ஆலை ஒரு கைக்குப் போக, கெல்வினேட்டர் என்ற பெயர் வேறொரு கைக்குப் போனது. ஆங்கர் சுவிட்ச் செய்த கம்பெனியின் 80 சதவீதப் பங்குகளை 2007இல் ஜப்பானின் மட்சுஷிட்டா எலக்ட்ரிக் வொர்க்ஸ் வாங்கியது. இன்று அது பானசோனிக் குடும்பத்தில் இருக்கிறது. மகாராஜா வைட்லைன், ப்ரீத்தி கைமாறிய அதே 2011இல், பிரான்சின் செப் குழுமத்திடம் போனது.

அடுத்து, இந்தப் பெயர்களின் மதிப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம். இந்திய மிக்ஸி பிறந்ததே ஓர் உதிரிப்பாகம் கிடைக்காததால்தான். 1960களின் தொடக்கத்தில் பம்பாயில் சீமென்ஸ் பொறியாளராக இருந்த சத்ய பிரகாஷ் மாத்தூரின் வீட்டில் ஒரு ஜெர்மன் ப்ரான் மிக்ஸர் எரிந்துபோனது. அதைச் சரிசெய்ய இங்கே வழியில்லை. பழச்சாறுக்கும் கேக் மாவுக்கும் செய்த மோட்டார், ஊறிய உளுந்தையும் காய்ந்த மஞ்சளையும் தாங்குமா? அவரே வலுவான மோட்டார் வைத்துச் செய்த இயந்திரம் சுமீத் ஆனது. அதன் பிறகு வந்த எல்லா மிக்ஸியும் நம் அடுக்களைகளில் அடிபட்டுத்தான் உருவேறியது. தேங்காய்ச் சில் சிக்கி நின்றால் மோட்டார் எரியாமலிருக்க அடியில் ஓவர்லோட் சுவிட்ச் வந்தது. கண்ணாடி ஜார் போய் எவர்சில்வர் ஜார் வந்தது. சட்னிக்கென்று தனியாகச் சின்ன ஜார் வந்தது. தேய்ந்த கப்ளரோடும் கசிகிற புஷ்ஷோடும் கடைக்குத் திரும்பத் திரும்ப வந்த பெண்களும், எந்த மாடலில் எது முதலில் போகிறது என்று கம்பெனி ஆளிடம் சொல்லியனுப்பிய மெக்கானிக்குகளும், ‘இதை எடுத்துட்டுப் போங்க, ஏதாவதுன்னா நான் பாத்துக்கறேன்’ என்று தன் பொறுப்பில் விற்ற கடை அண்ணாச்சியும் சேர்ந்து வளர்த்த நம்பிக்கை அது. கம்பெனியை விலை பேசும்போது ‘பிராண்ட் மதிப்பு’ என்று ஒரு பெரிய தொகை கணக்கில் ஏறுகிறதே, அந்தத் தொகை இவர்கள் உழைப்பில் விளைந்தது. இவர்களுக்கு அதில் காசு வேண்டாம். கொடுத்த வாக்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம்.

வாஞ்சிநாதன் பிறந்த ஊரிலிருந்து இப்படி ஒரு குரல் வந்தால், அந்நியப் பொருளை எரிக்கப் போகிறார்களா என்று சிலர் நினைக்கலாம். நாங்கள் எரிக்கப் போவதில்லை, புறக்கணிக்கவும் சொல்லப் போவதில்லை. எங்கள் வீடுகளில் பாதிப் பேருக்கு வளைகுடாவில் அண்ணனோ மச்சானோ இருக்கிறார். வெளிநாட்டுக் கம்பெனியில் உழைத்து அனுப்பிய பணத்தில்தான் பல வீடுகளில் முதல் மிக்ஸி வந்தது. உள்நாட்டு முதலாளி என்பதாலேயே ஒரு பெயர் காப்பாற்றப்பட்டுவிடாது என்பதற்குச் சுமீத்தே சாட்சி. எந்த வெளிநாட்டுக்காரரும் வாங்காமலேயே அது சந்தையிலிருந்து ஒதுங்கிப் போனது. 2022இல் சென்னையின் பட்டர்பிளையை வாங்கிய கிராம்ப்டன் இந்தியக் கம்பெனிதான். எங்கள் விதி அதற்கும் பொருந்தும். எதிர்த்திசையிலும் விற்பனை நடக்கிறது: 1877 முதல் இலங்கையில் இருக்கும் சிங்கரை 2017இல் அந்த நாட்டின் ஹேலீஸ் குழுமமே வாங்கியது. முதலாளியின் பாஸ்போர்ட்டைப் பார்ப்பது எங்கள் வேலையல்ல.

ஆனால் சுதேசிக் கப்பல் கம்பெனியை மறக்கவும் எங்களால் முடியாது. 1906இல் தூத்துக்குடியில் வ.உ. சிதம்பரனார் அதைத் தொடங்கியபோது மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். ஊர் ஊராகப் பங்கு விற்றார். 1908இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். அவர் உள்ளே இருக்கும்போதே கம்பெனி நொடித்தது. காலியோ கப்பல், எந்த வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து ஓடியதோ அவர்களிடமே விற்கப்பட்டது. அதிகாரத்தின் நெருக்கடியும் பணத்தின் நெருக்கடியும் சேர்ந்து செய்த வேலை அது. மக்களின் பாசம் கப்பலை வாங்கிக் கொடுத்தது. விற்கும் நாளில் அந்தப் பாசத்துக்கு ஏட்டில் ஒரு வரிகூட இருக்கவில்லை. அந்த வரியை எழுதி வைக்கத்தான் இப்போது கிளம்பியிருக்கிறோம்.

இது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு எங்கள் ஊரே சான்று. 1956 அக்டோபர் 31 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தது. நவம்பர் 1 காலையில் சென்னை மாநிலம். அன்று பழைய அரசு கொடுத்த பட்டா செல்லாது என்று யாரும் சொல்லவில்லை. பழைய அரசின் கடனும் ஒப்பந்தமும் ஓய்வூதியமும் யார் தலையில் என்று மாநிலச் சீரமைப்புச் சட்டம் பிரித்து எழுதியிருந்தது. ஓர் அரசு கைமாறும்போதே பொறுப்பைப் பிரித்து எழுத முடிந்திருக்கிறது. மிக்ஸிக் கம்பெனி கைமாறும்போது முடியாதா?

இன்றைய சட்டத்தில் அதற்கு இடமில்லை. வீட்டு உபயோகப் பொருள் உற்பத்தியில் 100 சதவீத அந்நிய முதலீடு பொதுவாகத் தானியங்கி வழியிலேயே வரலாம். முன் அனுமதி தேவையில்லை. கம்பெனி இணைப்புகளைப் போட்டி ஆணையம் பரிசீலிக்கும் விதிகள் 2011 ஜூன் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தன. அந்த ஆணையம் கேட்பதும் சந்தையில் போட்டி குறையுமா என்றுதான். பழைய மாடலுக்கு ஜார் கிடைக்குமா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. ஒன்றிய நுகர்வோர் துறை 2022இல் பழுதுநீக்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் இணையதளம் திறந்தது. நல்ல தொடக்கம். ஆனால் கட்டாயம் எதுவும் பிறக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ, துணி துவைக்கும் இயந்திரத்தின் ஒரு மாடலைக் கடைசியாகச் சந்தைக்கு அனுப்பிய நாளிலிருந்து குறைந்தது 10 ஆண்டுகள் முக்கிய உதிரிப்பாகங்களைத் தர வேண்டும் என்று 2021 முதல் விதி இருக்கிறது. நம் மிக்ஸியின் முதலாளி உட்கார்ந்திருக்கும் ஊரின் மக்களுக்குத் துவைக்கும் இயந்திரத்தில் கிடைத்த பாதுகாப்பு, நமக்கு அரைக்கும் இயந்திரத்தில் வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், குக்கர், ஃப்ரிட்ஜ் எதுவானாலும், மாடல் நின்ற பிறகும் 10 ஆண்டுகள் ஜார், பிளேடு, கப்ளர், புஷ், கார்பன் பிரஷ், ஆர்மேச்சர் கிடைக்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மட்டும் என்று பூட்டி வைக்காமல், விலைப்பட்டியலோடு எல்லாப் பழுதுக்கடைக்கும் கிடைக்க வேண்டும். வயரிங் படம் தமிழிலும் இருக்க வேண்டும். கம்பெனி விற்கப்பட்டால், பழைய வாரண்டியும் உதிரிப்பாகமும் இனி யார் பொறுப்பு, எந்த ஊரில் எந்தக் கடையில் கேட்பது என்று வாங்கியவர் தமிழ் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். மறுபடி விற்றால் மறுபடியும். ஆலைத் தொழிலாளரும் சர்வீஸ் சென்டர் ஊழியரும் தங்கள் கம்பெனி கைமாறுவதைச் செய்தித்தாளில் பார்த்துத் தெரிந்துகொள்ளும் நிலை இருக்கக் கூடாது.

தமிழக அரசுக்கும் ஒரு வேண்டுகோள். 2011 செப்டம்பரில் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் தொடங்கியபோது, அம்மி முன் குனிந்து கிடந்த லட்சக்கணக்கான பெண்களின் முதுகு நிமிர்ந்தது. அந்தத் திட்டத்தை நாங்கள் நன்றியோடு நினைக்கிறோம். இனி அரசு எந்தச் சாமானை வாங்கி மக்களுக்குக் கொடுத்தாலும், டெண்டரிலேயே பத்தாண்டு உதிரிப்பாகத்துக்கும் சேர்த்து உறுதி வாங்க வேண்டும். இவ்வளவு பெரிய வாங்குநர் கேட்டால் எந்தக் கம்பெனியும் மறுக்காது.

எங்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. இந்த இயக்கத்தில் சேரும் பழுதுக்கடைக்காரர், காயில் கட்டினால் ஓடும் மோட்டாரைப் ‘புதுசு வாங்கிக்கிடுங்க’ என்று தள்ளிவிட மாட்டார். போலி உதிரிப்பாகத்தைக் கம்பெனிப் பாகம் என்று விற்க மாட்டார். கழற்றிய பழைய பாகத்தை வாடிக்கையாளரிடம் காட்டுவார். எந்த மாடலுக்கு எது கிடைக்கவில்லை என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைப்பார். எங்கள் வாதம் எல்லாம் அந்த நோட்டுகளின் மேல்தான் நிற்கப் போகிறது. கடைக்காரர், கம்பெனி கைமாறியது தெரிந்தால் அதைச் சொல்லித்தான் விற்பார். வீட்டார், பழுதைப் பார்க்காமல் பழையதை எக்ஸ்சேஞ்சில் தள்ள மாட்டார்கள்.

முதல் வேலையாக, தமிழ்நாட்டில் மிக்ஸியும் கிரைண்டரும் விற்கும் எல்லாக் கம்பெனிகளுக்கும், அவற்றின் தலைமையகம் சென்னையானாலும் ஆம்ஸ்டர்டாமானாலும், தமிழில் ஒரே கடிதம் போகிறது. அதில் மூன்று கேள்விகள்: நிறுத்திய மாடலுக்கு எத்தனை ஆண்டு உதிரி தருவீர்கள்? வெளிக்கடைகளுக்குத் தருவீர்களா? நாளை உங்கள் கம்பெனியை விற்றால் இந்தப் பதில் வாங்குகிறவரையும் கட்டுமா? பதில் வந்தால் பதிலை, வராவிட்டால் கடிதம் அனுப்பிய தேதியை, எங்கள் கடை வாசல்களில் கம்பெனிப் பெயரோடு ஒட்டி வைப்போம்.